தோட்டப் பிரியருக்கு ஏற்ற வெகுமதி

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் உற்றார் உறவினர்க்கு வெகுமதி அளிக்கும் வழக்கம் புதுச்சேரியிலும் அதனைச் சார்ந்த கிராமங்களிலும் நெடுங்காலமாக உள்ளது. விண்ணேற்பு அன்னை ஆலயமுள்ள நெல்லித்தோப்பில் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் வீட்டு வாயில்களில் நட்சத்திர விளக்கு தொங்குவதும், பொட்டலங்கள் கைமாறுவதும் யாவரும் கண்டதே. வில்லியனூர், பாகூர் பக்கத்து நிலக்காரர் அநேகருக்கு நகரத்தில் மகளோ மைத்துனரோ இருப்பர். அவர்களுள் கொல்லையிலோ மெத்தையின்மீதோ நாலு செடி வைத்துப் போற்றுவோரும் உண்டு. இத்தகையோருக்கு எதைக் கொடுப்பது தகும் என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட விஷயம்.

இதனை அற்ப விஷயமென்று தள்ளுவதற்கில்லை. காலந் தவறிக் கொடுத்த செடி ஒரு மாதத்தில் பட்டுப்போகிறது. கொடுத்தவர் பணம் போவதோடு, வாங்கினவரும் தமக்குக் கைராசியில்லையென்று மனந்தளர்ந்து தோட்ட வேலையையே கைவிட்டுவிடுகிறார். ஆதலால் கடைக்குப் போகுமுன் மாதம் எது, பெறுவோரின் இடம் எத்தகையது என்ற இரண்டையும் ஆலோசித்தல் அவசியம்.

இங்கிலாந்தில் ஊர்ச் சபையாரிடம் சிறு துண்டு நிலம் வாடகைக்குப் பெற்றுக் காய்கறி பயிரிடும் குடும்பங்கள் அநேகம். அத்துண்டின் பழைய அளவு ஏகரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6¼ செண்டு. அங்கே கிறிஸ்துமஸ் கடுங்குளிர் காலத்தில் வருகிறது. நிலத்தில் வேலை குறைவு. எனவே கையுறை, கண்ணாடிக் கூண்டு, வருங்காலத்துக்கான விதை ஜாபிதா முதலியவற்றை அங்குள்ளோர் வெகுமதியாக விரும்புகின்றனர். நமக்கோ வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரமும் வானில் மிதமான வெயிலும் சேர்ந்திருக்கும் காலமே மார்கழி. தோட்டக்காரருக்கு வருஷத்தில் இதைவிட வேலை மிகுந்த மாதம் சிலவே. அந்நாட்டுக் கடையைப் பார்த்து நம் வெகுமதியைத் தீர்மானிப்பது பொருந்தாது.

பண்டிகை சமயத்தில் நாற்றுப்பண்ணைகளில் அதிகமாய் விலைபோவன இரண்டு. ஒன்று, தொட்டியில் வைத்த கிறிஸ்துமஸ் மரம் எனப்படும் அரக்கேரியா. நார்போக் தீவின் மரமென்று சொல்லி விற்கப்படுவனவற்றுள் பல, உண்மையில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நியூ கலிடோனியாவைச் சேர்ந்த வேறோர் இனம். இவ்வினத்து மரங்கள் பூமியின் எப்பாகத்தில் வளர்ந்தாலும் நடுக்கோட்டின் பக்கமாகச் சாய்வதை 2017-ம் வருஷத்தில் ஆராய்ச்சியாளர் அளந்து வெளியிட்டனர். ஆகையால் அது தெற்கே சற்றுச் சாய்ந்தால் வளர்த்தவர் வருந்த வேண்டுவதில்லை. வாங்குவோர் நோக்க வேண்டியது நடுக்குருத்து. அது ஒடிந்த கன்று பழைய வடிவில் நிமிர்ந்து ஓங்குவது அரிது. பக்கக் கிளையை வெட்டி வைத்தாலோ அது படுத்தே வளரும். வெளிச்சமில்லாத கூடத்தில் மாதக்கணக்காக வைத்திருப்பதும் ஆகாது.

மற்றொன்று பாயின்செட்டியா. மெக்சிகோ நாட்டுச் செடியாகிய இதில் செந்நிறமாய்த் தோன்றுவது பூவிதழ் அன்று, பூவைச் சூழ்ந்த இலையே. இரவு 12 மணி நேரத்துக்கு மேல் நீண்டு, அவ்விருளும் இடையறாதிருந்தால்தான் அவ்விலை நிறமேறும். மறு வருஷம் செடி பச்சையாகவே நிற்கிறதென்று குறை கூறுவோர், தெருவிளக்கின் வெளிச்சம் இரவில் அதன்மேல் விழுகிறதா என்று பார்ப்பாராக. கிளையை ஒடித்தால் கசியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்குமாதலால் சிறு குழந்தைகளுள்ள வீட்டில் எட்டாத இடத்தில் வைத்தல் நன்று. இவ்விரண்டும் கண்ணுக்கு அழகே. ஆயினும் அதே பணத்தில் இதனினும் பயனுள்ளவை உள.

கருவிகளில் முதலிடம் நல்ல எஃகினாலான கவாத்துக் கத்தரிக்கோலுக்கு. குண்டுமல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் தரையினின்று 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்தால், பங்குனி தொடங்கிப் பூ மிகுதியாய்க் கிடைக்கும். ஆகவே இக்கருவியைக் கிறிஸ்துமஸ் வரை வைத்திராமல் கார்த்திகையிலேயே கொடுத்துவிடுவது சிலாக்கியம். மெல்லிய தகட்டில் வண்ணம் பூசி, பெட்டியில் அடுக்கி விற்கும் சிறு கருவித் தொகுதிகள் ஒரு மழைக்குள் துருப்பிடித்து வளைந்துவிடும். பட்டறையில் அடித்த களைக்கொத்து ஒன்று அவை அனைத்திலும் மேலானது.

விதையைக் கொடுப்போர் மிக்க ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். வெங்காய விதை சாதாரண அறையில் ஒரு வருஷத்துக்குள்ளாகவே முளைப்புத்திறனில் பெரும்பகுதியை இழக்கும். தக்காளி, கத்தரி விதைகள் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். விதையின் ஈரப்பதம் 14 சதவீதத்தினின்று 5 சதவீதம் வரையில் ஒவ்வொரு சதவீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கிறதென்பது விதை சாஸ்திரிகள் கண்ட கணக்கு. கடற்காற்று வீசும் நம் ஊரில் காகிதப் பொட்டலத்தில் விதை வைத்திருப்பதன் தீமை இதனால் விளங்கும். சான்று பெற்ற விதையின் சீட்டில் பரிசோதனை நாள் குறித்திருக்கும். அந்நாள் முதல் 9 மாதமே முதற்காலவரை. அதைப் படித்துப் பாராமல் வாங்கலாகாது. மேலும், வீட்டுத் தோட்டக்காரருக்குத் தம் செடியிலேயே விதை எடுப்பதில் தனி மகிழ்ச்சியுண்டு. வீரிய ஒட்டு ரகத்தினின்று எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தாராது. ஆதலின் நாட்டு ரகத்தையோ, பி.கே.எம்.1 தக்காளி போன்ற ரகங்களையோ கொடுப்பது நலம். மார்கழியில் பெற்ற வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் தைப்பட்டத்துக்கு உதவும்.

நிலமுடையோர் கடைக்கே போகாமல் கொடுக்கத்தக்கது நன்றாய் மக்கிய தொழு உரம் ஒரு மூட்டை. நகரத்தில் அது எளிதிற் கிடைப்பதில்லை. மக்காத எருவைக் கொடுத்தால் காண்டாமிருக வண்டின் புழுவையும் சேர்த்துக் கொடுத்தவராவோம், சலித்தே கட்டுக.

பிறந்தநாள் எம்மாதத்திலும் வரக்கூடும். பங்குனி முதல் ஆனி வரை பிறந்தோருக்குக் கன்று கொடுப்பதைவிட, மழை தொடங்கியபின் இன்ன கன்று கொண்டுவந்து குழி எடுத்து நட்டுத் தருவதாக எழுதிய சீட்டு ஒன்று கொடுப்பது மேல். வேனிலில் தண்ணீரே வெகுமதி: தென்னைநார்க் கழிவு, மூடாக்குக்கு வைக்கோல், பூவாளி இவையெல்லாம் ஏற்கும். மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்துத் தருவதும் நல்ல வெகுமதியே. நான்கைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் வெட்டி, பக்கத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரைக் கிலோ எடுத்தனுப்பினால் போதும். எருக்குழி ஓரத்து மண் கூடாது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ம் வருஷத்தில் புதுச்சேரியிலேதான் நிறுவப்பட்டது. கேட்டறிய இடமில்லையென்று நாம் சொல்வதற்கில்லை. நீர் உப்பாயிருப்பதாகத் தெரிந்தால் எலுமிச்சையை விட்டு, சப்போட்டா, தென்னை, நெல்லி இவற்றுள் ஒன்றைத் தேர்க.

நெல்லியைப் பற்றிச் சிறிது விரித்துரைக்கத் தகும். அதியமான் ஔவையாருக்கு ஈந்தது நெல்லிக்கனி. நெல்லித்தோப்பின் பெயரிலும் அது நிற்கிறது. வீடுகள் நெருங்கிய அவ்வூரில் இன்று தோப்பு ஏது? எனினும் கொல்லையில் ஒரு மரத்துக்கு இடமுள்ளோர் சிலர் இருப்பர். நெல்லி தன் மகரந்தத்தாலேயே நன்கு காய்ப்பதில்லை. வேறு ரகத்து மரம் அருகில் வேண்டும். எனவே இதனை இணையாகவே கொடுக்க வேண்டும்: பவானிசாகரில் வெளியான பி.எஸ்.ஆர்.1 ஒன்றும், உத்தரப் பிரதேசத்து என்.ஏ.7 ஒன்றும். இரண்டுக்கும் 6 மீட்டர் இடைவெளி வேண்டுமாதலால் சிறு கொல்லையில் இரண்டும் கொள்ளா. ஒன்றை உறவினருக்கும் மற்றொன்றை அவருடைய பக்கத்து வீட்டாருக்கும் கொடுத்துவிடுக. காற்றும் தேனீயும் மதிலைத் தாண்டும். ஒட்டுக்குக் கீழே எழும் துளிரைக் கிள்ளிவிடத் தவறினால் அடிக்கன்று மேலோங்கி, ஒட்டு நசித்துப்போம். நெல்லித்தோப்பு ஆலயத்தில் ஆகஸ்டு 15-ல் விண்ணேற்பு அன்னையின் திருநாள் வருகிறது. அச்சமயம் கொடுத்த கன்று மழைக்குமுன் வேர் பிடித்து, புயற்காலத்தை ஒருவாறு தாங்கும்.

புயலை மறந்து பேசுதல் நம் கரையில் இயலாது. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ல், கிறிஸ்துமஸ் கழிந்த ஐந்தாம் நாள், தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த பெஞ்சல் புயலில் புதுச்சேரி ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை பெற்றது. வடிதுளையில்லாத அழகிய பீங்கான் தொட்டியை வெகுமதியாகத் தருவோர் இதனை நினைவிற் கொள்க.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிறந்தநாள் விழாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நூற்றுக்கணக்கில் கன்று வழங்கும் வழக்கம் பரவியுள்ளது. 1950-ம் வருஷத்தில் மத்திய மந்திரி கே.எம். முன்ஷி தொடங்கிய வனமகோத்சவம் ஜூலை மாதத்தில் நடைபெறுகிறது. தென்மேற்குப் பருவமழையுள்ள நாடுகளுக்கு அது பொருத்தமே. நமக்கு மழை பிரதானமாக ஐப்பசி கார்த்திகையில்தான். ஜூலையில் விழா நடத்தினும், கன்றுகளை நாற்றுப்பண்ணையிலேயே நிழலில் வைத்து, பெறுவோருக்குச் சீட்டு மட்டும் கொடுத்து, புரட்டாசிக் கடைசியில் கன்றை ஒப்படைக்கலாம். சீட்டைக் கொண்டு வருவோர், குழி எடுத்தாயிற்று என்று தலையாரியிடம் கையெழுத்துப் பெற்று வரும்படி செய்தால், வாங்கிப் போன கன்று திண்ணையிலேயே வாடிக் கிடப்பது பெரிதும் குறையும்.