பொருள் அறிந்து பழகும் கராத்தே

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி மாணவியருக்குத் தற்காப்புக் கலைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. கோவை மாவட்டத்தில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றும் பள்ளியில் கராத்தே கற்பிக்கிறார்கள். மூன்று மாதத்தில் பயிற்சி முடிந்துவிடும். பிறகும் அது மாணவியர் நினைவில் தங்க வேண்டுமானால், ஜப்பானியச் சொற்களின் பொருளும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒகினாவா தீவில் வளர்ந்த கலை இது. ‘கரா’ என்றால் வெறுமை, ‘தே’ என்றால் கை. கராத்தே என்பது வெறுங்கை. தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் அடைமொழி முன்னால் வரும். ‘மே’ என்றால் முன், ‘யோகோ’ பக்கம், ‘உஷிரோ’ பின், ‘கெரி’ உதை. இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி, “உஷிரோ கெரி எது?” என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளையே ‘பின் உதை’ என்று சொல்லிவிடும்.

‘உக்கே’ என்பதைத் தடுப்பு என்கிறோம். அதன் வேர்ப்பொருள் ‘ஏற்றல்’. அடியை முட்டி நிறுத்துவதைவிட, ஏற்றுத் திசைதிருப்புவதே முக்கியம் என்று புரிந்துகொண்ட மாணவி, தன்னைவிடப் பலசாலியைக் கண்டும் மலைக்கமாட்டாள்.

ஒகினாவாவின் ஆயுதக் கலையான கோபுடோவில் ‘போ’ என்பது ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள கம்பு. சிலம்பம் சுற்றும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் உண்டு. ‘கட்டா’ என்பது அடிவரிசை போன்றது என்றால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

மொழியாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் இணைந்து பத்துச் சொற்களைப் பொருளுடன் அட்டையில் எழுதி வகுப்பறையில் மாட்டலாம். பயிற்சியாளர் விடைபெற்ற பின்னும் மாணவியர் தாங்களாகவே பழக அது உதவும்.