காற்றுக்கு எல்லைக்கோடு இல்லை

ஒரு நாட்டின் புகைபோக்கியிலிருந்து எழும் கந்தகப் புகை, பல நூறு கிலோமீட்டர் கடந்து வேறொரு நாட்டில் அமில மழையாக விழுகிறது. நார்வே, சுவீடன் நாடுகளின் ஏரிகளில் மீன்கள் மடிந்தபோது உலகம் இதை உணர்ந்தது. நார்வேயில் விழுந்த கந்தகத்தின் பெரும்பகுதி பிரிட்டன் போன்ற பிற நாடுகளிலிருந்து வந்தது. அப்படியானால் யார், எவ்வளவு குறைக்க வேண்டும்?

இதைத் தீர்க்க 1979-ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை உருவானது. பனிப்போர் நடந்த காலத்திலும் கிழக்கு, மேற்கு நாடுகள் இரண்டும் அதில் இணைந்தன. 1985-இல் ஹெல்சிங்கியில், 1980-இன் அளவிலிருந்து 30 விழுக்காட்டை 1993-க்குள் எல்லாரும் குறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லார்க்கும் ஒரே அளவு என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பிரிட்டன், அமெரிக்கா, போலந்து ஆகியவை கையெழுத்திடவில்லை. மேலும், எல்லா நாட்டுப் புகையும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. எல்லா மண்ணும் ஒரே அளவு அமிலத்தைத் தாங்குவதுமில்லை.

இங்கேதான் ஒரு கணினி மாதிரி உதவிக்கு வந்தது. வியன்னா அருகே லாக்சன்பர்க்கில், கிழக்கு மேற்கு நாடுகள் சேர்ந்து 1972-இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம் ஒன்று உள்ளது. அங்கு 'ரெயின்ஸ்' என்ற மாதிரி உருவானது. எந்த நாடு எவ்வளவு புகை விடுகிறது, காற்று அதை எங்கே கொண்டு செல்கிறது, அங்குள்ள மண்ணும் நீரும் எவ்வளவு தாங்கும், குறைக்க என்ன செலவாகும் என்பவற்றை அது சேர்த்துக் கணக்கிட்டது. மிகக் குறைந்த செலவில் அதிகப் பயன் கிடைக்கும் வழியையும் காட்டியது.

1994-இல் ஆஸ்லோவில் கூடிய நாடுகள் இக்கணக்கைத் துணையாகக் கொண்டு, நாட்டுக்கு நாடு வேறுபட்ட இலக்குகளை ஏற்றன. முன்பு விலகி நின்ற பிரிட்டன், 2010-க்குள் 80 விழுக்காடு குறைப்பதாக வாக்களித்தது. பழைய தொழிற்சாலைகள் மூடப்பட்டதும், நிலக்கரிக்குப் பதில் எரிவாயு வந்ததும் துணைநிற்க, ஐரோப்பாவில் கந்தகப் புகை பெருமளவு குறைந்தது.

கணினி நாடுகளுக்கு மனச்சான்றைத் தந்துவிடவில்லை. எவ்வளவு தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதை மனிதரே முடிவு செய்தனர். ஆனால் ஒருவரையொருவர் நம்பாதவர்கள் ஒரே கணக்கின் முன் அமர அது வழிசெய்தது. 'அவர் எவ்வளவு குறைக்கிறார்?' என்று கேட்டவர்களை, 'என் புகை யாருடைய நிலத்தில் விழுகிறது?' என்று கேட்க வைத்தது. நம் ஊரிலும் நம் தெருவிலும் இதே கேள்வியை நாம் கேட்கிறோமா? சிந்திப்போம்.