பேசும்படமும் நாடகத் தமிழும்

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய வரலாற்றை உரைப்போர், பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கருவியின் வருகையைக் கூறி அமைவர். அக்கருவி எவ்வகைத் தமிழைத் திரைக்குக் கொணர்ந்தது என்பது தமிழாய்வாளர்க்குரிய வினா. அதுவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஊமைப்படத்திற்கு மொழியெல்லை இல்லை. காட்சிகளுக்கு இடையே எழுத்தட்டைகள் தோன்றும். எழுத்தறியாதார் பொருட்டு ஒருவர் அவற்றை அரங்கில் உரக்கப் படித்து விளக்குவதும் உண்டு. அட்டையை மாற்றினால் படம் வேற்றுமொழியார்க்கும் உரியதாகும். ஒலி இந்நிலையை மாற்றியது. எனினும் மாற்றம் ஒரே நாளில் முற்றுப்பெறவில்லை. பம்பாய் இம்பீரியல் நிறுவனம் எடுத்த 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-இல் சென்னைக் கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியாயிற்று. அதன்கண் தலைவியாகிய டி. பி. இராஜலட்சுமி தமிழிலும், தலைவன் தெலுங்கிலும் பேசினர். கதையொடு இயைபில்லாத நாட்டுப்பற்றுப் பாடல்களும் அதில் இடம்பெற்றன.

சென்னையிலேயே பேசும்படம் எடுக்கும் நிலை 1934-இல் உண்டாயிற்று. அவ்வாண்டில் ஏ. நாராயணன் 'சீனிவாச கல்யாண'த்தை எடுத்தார். அவர்தம் மனைவியார் மீனாட்சி ஒலிப்பதிவு செய்தார். அதே ஆண்டில் அடையாற்றிலிருந்த மீனாட்சி சினிடோனில் கே. சுப்பிரமணியம் 'பவளக்கொடி'யை இயக்கினார். அங்கே வெயிலொளியை நம்பித் திறந்தவெளியில் படம்பிடித்தனர். காகம் கரையினும் அவ்வொலி பதிவாகிவிடும்; ஆதலின் காகங்களை ஓட்டத் தனியே ஓர் ஆளை வைத்திருந்தனர் என்பர்.

பாட்டைத் தனியே பதிந்து பின்னர் இணைக்கும் முறை அன்று தமிழ்ப் படங்களில் இல்லை. நடிப்பவரே ஒலிவாங்கியின் முன் நின்று பாடுதல் வேண்டும். அத்தகைய குரற்பயிற்சி பெற்றோர் நாடகமேடையிலேயே மிகுதியாக இருந்தனர். அவர்களை அழைத்தபொழுது, அவர்கள் மனப்பாடமாக அறிந்த நாடகங்களும் உடன்வந்தன. 'பவளக்கொடி' சங்கரதாஸ் சுவாமிகள் மேடைக்கு ஆக்கிய கதையே. அதன் தலைவராகிய எம். கே. தியாகராஜ பாகவதரும் மேடையில் பாடிப் புகழ்பெற்றவரே. எனவே, தொடக்ககாலப் படங்களில் பாட்டு மிக்கிருந்ததற்கும் உரையாடல் மேடைநடையைத் தழுவியதற்கும் மக்கள் சுவை மட்டும் காரணமன்று. கருவியின் குறைபாடும் காரணமாம்.

இதனை வலியுறுத்தும் சான்றுகள் இரண்டு. 1937-இல் 'அம்பிகாபதி'க்கு இளங்கோவன் எழுதிய உரையாடல், வசனத்திற்குத் தனிச்சிறப்பை ஈட்டித் தந்தது. 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் நடித்தவருக்காகப் பிறரொருவர் பாடும் முறை கையாளப்பட்டது. குரலும் முகமும் பிரியலாயின. பாடத் தெரிந்தவரே நடிக்கவேண்டும் என்னும் கட்டும் தளர்ந்தது.

'காளிதாஸ்' படத்தின் படியோ இசைத்தட்டோ இன்று கிடைத்திலது. ஊமைப்படங்களிலும் மிகப்பல அழிந்தன. ஆயினும், அரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப்புத்தகங்கள் பல, சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளன. ஏட்டுச்சுவடியைப் போற்றும் நாம் இம்மெலிந்த தாள்களை இலக்கியமல்ல எனத் தள்ளுவது முறையன்று. படம் மறைந்தவிடத்து, அது பேசிய தமிழுக்கு இவையே எஞ்சிய மூலபாடம்.