றொசல்லவுக்கு வந்தால் எங்கே சாப்பிடுவது?

1977 வன்செயலுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் என் சித்தி குடும்பமும் ஒன்று. அங்கே பிறந்து, போரில் கணவனை இழந்த சித்தி மகள் கிளிநொச்சியிலிருந்து முதன்முறையாக றொசல்லவுக்கு வந்தாள். கண்டியில் பஸ் மாறி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக நீண்ட பயணம். ஒரு வேளையாவது அவளை வெளியே சாப்பிடக் கூட்டிப்போக ஆசைப்பட்டேன்.

எங்கள் ஊரில் ரொட்டியும் பிளேன்டீயும் குடித்துக் களைப்பாறலாம். ஆறுதலாக இருந்து சாப்பிட ஹட்டன்தான். பஸ் நிலையத்தை அண்டிய சைவக்கடைகளையே நான் சொல்வேன். காலையில் தோசை, இடியப்பம். சோறு என்றால் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். பிந்தினால் கறி குறைந்துவிடும். கேட்காமலே தட்டு நிறைய வடை, ரோல்ஸ் கொண்டுவந்து வைப்பார்கள். பயப்படாதீர்கள் சகோதரிகளே, எடுத்ததற்கு மட்டும்தான் காசு.

ஒரு கடையில், "ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று கேட்டு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் எங்களை உட்காரச் சொன்னார்கள். தங்கச்சி உட்காரவில்லை.

"எங்கட பக்கம் அம்மாச்சியில சமைக்கிறதும் பொம்பிளையள், காசு வாங்குறதும் பொம்பிளையள், அக்கா" என்றாள். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் வடக்கில் பெண்கள் நடத்தும் பாரம்பரிய உணவகம் அது. சிங்களப் பகுதிகளில் ஹெல போஜுன் என்பார்கள். தோட்டத்துப் பெண்களின் கைப்பக்குவத்துக்கும் இப்படியொரு கடை வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அடுத்த கடையில் நடு மேசையிலேயே உட்கார்ந்தோம். தோசைக்கு இரண்டாம் முறையும் சம்பல் கேட்டு வாங்கினாள்.