ஒரே அளவுள்ள டயர்களை ஒப்பிடும் முறை

பெங்களூரில் பிரேசர் டவுனின் தார்ச்சாலையில் புறப்படும் ஜீப், நகரைக் கடந்தபின் செம்மண் தடத்திலும் சேற்றிலும் செல்ல நேரிடலாம். இருவகை நிலத்துக்கும் ஏற்ற டயர்களைப் பல தொழிற்சாலைகள் செய்கின்றன. பக்கச் சுவரில் ‘235/75 ஆர் 15’ என்றிருப்பின், அகலம் 235 மில்லிமீட்டர். பக்க உயரம் அதில் 75 சதவீதம். சக்கர வளையம் 15 அங்குலம். அளவு ஒன்றாயினும் தன்மை ஒன்றாகாது. அடுத்துள்ள ‘105 எஸ்’ என்னும் குறி, 925 கிலோகிராம் பாரத்தையும் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தையும் வரம்பாகக் காட்டும். அகன்ற பள்ளங்கள் சேற்றை எளிதில் உதறும். ஆனால் தரையைத் தொடும் ரப்பர் குறைவதால், ஈரத் தார்ச்சாலையில் பிடிப்புக் குறையக்கூடும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் எந்த டயரையும் மாற்றவேண்டும். மழைநாளில் பயணிகளின் உயிர் இதனைச் சார்ந்திருத்தலின், விலைக்கு முன்னர் குறியையும் பள்ளத்தையும் நோக்குதல் நன்று.