விலை குறைந்த என்கோடர் காட்டும் வேகம் சரியானதா?

விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஏக்கருக்கு 200 லிட்டர் களைக்கொல்லிக் கலவை விழுமாறு டிராக்டர் தெளிப்பானை அமைத்துள்ளதாகக் கொள்வோம். வேகம் 0.9 மீட்டராகக் குறைந்தால் 222 லிட்டர் விழும். பயிர் கருக நேரிடும். வேகம் கூடினால் களை சாகாது. எனவே வேகத்தைச் சரியாக அறிதல் அவசியம்.

அமைப்பு

மலிவான என்கோடரில் 20 துளைகளுள்ள வட்டத் தகடும் ஒளி உணர்கருவியும் உண்டு. ஒரு துளை கடந்தால் ஒரு துடிப்பு பதிவாகும். 2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தில் பொருத்தினால், ஒரு துடிப்பு 10 செ.மீ. தூரத்தைக் குறிக்கும்.

பிழை எங்கே?

மேற்சொன்ன வேகத்தில் விநாடிக்கு 10 துடிப்புகளே வரும். ஒரு விநாடி மட்டும் எண்ணினால், ஒரு துடிப்பு விடுபட்டாலும் 10 சதவீதப் பிழை. பத்து விநாடி எண்ணினால் பிழை 1 சதவீதமே. ஆனால் வேக மாற்றம் தாமதமாகத் தெரியும். சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற ஆகும் நேரத்தை அளப்பதே சிறந்தது. துளைகளின் இடைவெளி சமமாக இல்லாத குறையும் இதனால் நீங்கும்.

வயலில் சரிபார்த்தல்

1. உழுவிசை ஏற்கும் பின்சக்கரம் வழுக்கும். ஆகவே விசை பெறாத முன்சக்கரத்தில் பொருத்தவும்.

2. தெளிக்கும் வயலிலேயே 50 மீட்டர் அளந்து ஓட்டவும். 500 துடிப்புகளுக்குப் பதில் 520 வந்தால், ஒரு துடிப்பு 9.6 செ.மீ. எனக் கணக்கிடவும்.

3. துளையில் சேறு அடைத்தால் வேகம் குறைவாகக் காட்டும். ஓட்டுநர் விரைவுபடுத்துவார், களை தப்பிவிடும். தகட்டுக்கு மூடி அமைத்து, தினமும் துடைக்கவும்.

இவற்றைக் கடைப்பிடித்தால் மலிவான கருவியும் தெளிப்புக்குப் போதுமானதே.