மோட்டார் சைக்கிள் ஆயில் ஸ்ட்ரெய்னர்

ஆயில் ஸ்ட்ரெய்னர் என்பது நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அடிப்பகுதியில், ஆயில் பம்பின் உறிஞ்சு வாய்க்கு முன்னால் அமைந்துள்ள கம்பிவலைச் சல்லடை ஆகும். எஞ்சினின் அடியில் தேங்கும் எண்ணெய், பம்புக்குள் செல்லும் முன் இச்சல்லடை வழியாகவே செல்கிறது. காகித வடிகட்டியைப் போல இதை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டியதில்லை. கழுவி மீண்டும் பொருத்தலாம். இப்பணியில் தவறுகள் பெரும்பாலும் கழுவும்போது நேர்வதில்லை, திரும்பப் பொருத்தும்போதே நேர்கின்றன.

பணி

பம்பு எண்ணெயைத் தள்ளும் பக்கத்தில் அழுத்தம் அதிகம். அதனால் அங்கே நுண்ணிய துளைகள் கொண்ட காகித வடிகட்டியை வைக்க முடிகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அவ்வாறு செய்ய முடியாது. குளிர்ந்த, கெட்டியான எண்ணெய் நுண்துளைகள் வழியாகப் போதிய அளவு வராமல் பம்பு வறண்டுவிடும். எனவே ஸ்ட்ரெய்னரின் கண்கள் சற்றுப் பெரியவை. உலோகச் சீவல், கேஸ்கெட் துண்டு போன்ற பெரிய துகள்கள் பம்பைச் சேதப்படுத்தாமல் தடுப்பது இதன் வேலை. நுண்தூளைப் பிடிப்பது இதன் வேலை அன்று.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர் பெட்டி, கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் தட்டின் தேய்மானமும் கியர் பற்களின் தேய்மானமும் அதே எண்ணெயில் கலந்து சல்லடைக்கு வருகின்றன. சல்லடை அடைபட்டால் முதலில் பாதிக்கப்படுவது பம்பிலிருந்து தொலைவில் உள்ள சிலிண்டர் தலை. அங்குள்ள கேம் தண்டும் ராக்கர் கைகளும் எண்ணெய் இன்றித் தேயத் தொடங்கும். சிறிய வண்டிகள் பலவற்றில் எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு இல்லாததால், சத்தம் கேட்கும்போது தேய்மானம் ஏற்கெனவே நிகழ்ந்திருக்கும்.

அமைப்பு வகைகள்

ஸ்ட்ரெய்னர் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். பரவலாகக் காணப்படும் இரு அமைப்புகள்:

• வலப்பக்க மூடிக்குள் இருப்பது: ஹோண்டா சூப்பர் கப் குடும்பத்து எஞ்சின்களிலும், 1985இல் இந்தியாவில் அறிமுகமான ஹீரோ ஹோண்டா சிடி 100 வழிவந்த 100 சிசி எஞ்சின்களிலும் இவ்வமைப்பு உள்ளது. கிளட்ச் பக்க மூடியைக் கழற்றினால், கீழே உள்ள பள்ளத்தில் தட்டையான சல்லடை செருகப்பட்டிருப்பதைக் காணலாம். இவற்றில் கிராங்க் தண்டின் முனையில் சுழல்விசையால் நுண்தூளை ஒதுக்கும் வடிகட்டியும் உண்டு. ஒரே மூடியைத் திறக்கும்போது இரண்டையும் சுத்தம் செய்துவிடலாம்.

• வெளியிலிருந்தே கழற்றக்கூடியது: ஜிஒய்6 வகை ஸ்கூட்டர் எஞ்சின்களில், பெரிய திருகு மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங்கும் அதற்கு உள்ளே சல்லடையும் இருக்கும். மூடியைச் சுற்றி ஓ-ரிங் உண்டு.

முதல் வகையில் மூடியைத் திறக்க உதை நெம்புகோல் முதலியவற்றைக் கழற்ற வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆயில் மாற்றத்திலும் இது செய்யப்படுவதில்லை. ஹோண்டாவின் சிறு எஞ்சின்கள் பலவற்றின் பராமரிப்பு அட்டவணையில் இதற்கு ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர் இடைவெளி தரப்பட்டுள்ளது. இரண்டாம் வகையில் ஆயில் மாற்றும்போதே செய்துவிடுவது எளிது.

கழற்றுதல்

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, எண்ணெய் இளஞ்சூடானதும் வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி எண்ணெயை வடிக்க வேண்டும். சூடான எண்ணெய் அடியில் படிந்த தூளையும் சேர்த்துக்கொண்டு வரும். ஸ்பிரிங் உள்ள மூடியைக் கடைசி மரை வரும்போது கையால் அழுத்திப் பிடித்தபடி திருப்புவது நல்லது. இல்லையெனில் ஸ்பிரிங்கும் சல்லடையும் பழைய எண்ணெய்ப் பாத்திரத்தில் விழும். எந்தப் பாகம் எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் பின்னர் ஐயம் எழாது.

சிக்கியவை சொல்வது

சல்லடையை உடனே கழுவிவிடாமல், வெள்ளைத் துணியில் தட்டி, சிக்கியிருப்பதைப் பார்க்க வேண்டும். எஞ்சினைப் பிரிக்காமலே அதன் நிலையை அறிய இது ஒரு வாய்ப்பு.

• கறுப்பு நார்த் துணுக்குகள்: கிளட்ச் தட்டின் தேய்மானம். சிறிதளவு இருப்பது இயல்பு.
• காந்தத்தில் ஒட்டும் மெல்லிய தூள்: கியர்களின் வழக்கமான தேய்மானம். சீவலாகவோ துண்டாகவோ இருந்தால் கியர் பல், பேரிங் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
• காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கு: அலுமினியப் பாகங்களின் தேய்மானம். பிஸ்டனோ சிலிண்டர் தலையோ காரணமாக இருக்கலாம்.
• நெகிழித் துண்டுகள்: கேம் சங்கிலியின் வழிகாட்டி உடைந்திருக்கலாம்.
• ரப்பர் போன்ற இழைகள்: முன்பு மூடியை ஒட்டியபோது அதிகமாகப் பூசிய சிலிக்கான் பசை. இது நன்றாக இருக்கும் எஞ்சினின் சல்லடையையும் அடைத்துவிடும்.

கழுவுதல்

மண்ணெண்ணெய் அல்லது டீசலில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்ப்பது போதும். பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் என்பதால் சூடான எஞ்சின் அருகே அதைத் தவிர்க்க வேண்டும். இரும்புத் தூரிகை வலையைக் கிழித்துவிடும். காற்றை எண்ணெய் பாயும் திசைக்கு எதிராக ஊதினால், கண்களில் சிக்கிய தூள் வெளியேறும். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வலை கிழிந்திருந்தாலோ விளிம்பிலிருந்து விலகியிருந்தாலோ புதிது போடுவதே சரி. கிழிந்த சல்லடை வழியாகத் துகள்கள் பம்புக்குள் சென்றுவிடும்.

திரும்பப் பொருத்துதல்

பொருத்தும் முன் சல்லடை அமரும் பள்ளத்தையும் மூடியின் மரையையும் நார் ஒட்டாத துணியால் துடைக்க வேண்டும். பள்ளத்தில் செருகும் வகையில் சல்லடையின் மெல்லிய விளிம்பு உள்நோக்கி இருக்க வேண்டும். அது முழுமையாக அமராவிட்டால் ஓரத்தின் வழியே வடிகட்டாத எண்ணெய் புகும். ஸ்பிரிங் வகையில் முதலில் சல்லடை, அடுத்து ஸ்பிரிங், கடைசியாக மூடி என்பதே வரிசை.

தட்டையாகிப்போன ஓ-ரிங்கை மாற்றி, புதியதில் சிறிது எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும். காகித கேஸ்கெட் உள்ள மூடிக்குப் புதிய கேஸ்கெட் தேவை. பழையதைப் பசையால் சரிக்கட்டக் கூடாது. மூடியைச் சில சுற்றுகள் கையாலேயே திருக வேண்டும். எஞ்சின் உறை அலுமினியம் ஆதலால், கோணலாக ஏறிய மூடியை ஸ்பேனரால் இறுக்கினால் மரை அழிந்துவிடும். கசிவைத் தடுப்பது ஓ-ரிங். கூடுதல் இறுக்கம் அன்று. எனவே கையேட்டில் கூறிய முறுக்கு விசையோடு நிறுத்த வேண்டும். பல போல்ட்டுகள் உள்ள மூடியைக் குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாக இறுக்குவது முறை.

சோதனை

கையேட்டில் குறித்த அளவு எண்ணெயை ஊற்றி, எஞ்சினை 2 அல்லது 3 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் கீழிறங்கச் சில நிமிடம் விட்டு அளவுகோலில் பார்க்க வேண்டும். சல்லடையும் மூடியும் சுத்தம் செய்யப்பட்டபின் தேவைப்படும் அளவு, வெறும் ஆயில் மாற்றத்துக்கான அளவைவிடச் சற்றுக் கூடலாம். டேப்பட் மூடியைத் திறந்து, எண்ணெய் சிலிண்டர் தலைவரை ஏறுகிறதா என்று பார்ப்பது பட்டறைகளில் உள்ள வழக்கம். ஏறவில்லை என்றால் எஞ்சினை உடனே நிறுத்திவிட்டு, ஸ்ட்ரெய்னர் பொருத்தியதை மீண்டும் சரிபார்க்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குப் பின் மூடியைச் சுற்றிக் கசிவு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

வடித்த எண்ணெயையும் கழுவிய மண்ணெண்ணெயையும் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், பழைய ஆயில் வாங்கி மறுசுழற்சி செய்வோரிடம் சேர்க்க வேண்டும்.